சில்லு ஏன் சுழலவில்லை?

பிள்ளைகளின் றோபோவுக்கு ஒரு மோட்டர் சுற்று

சுவிசுக்கு வந்து ஒன்றிரண்டு வருடங்களில் எமது பிள்ளைகள் பாசையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதன்பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் விடயங்கள் பல எமக்குப் புதியவை. அவற்றுள் ஒன்று றோபோ. வகுப்பறை மேசையில் இரண்டு சில்லுகளில் ஓடும் சிறிய வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்டு வேணும், நானே செய்யப்போறன்" என்று பிள்ளை வந்து நிற்கிறது. கடையில் முழுதாக விற்பதை வாங்கிக்கொடுக்க எல்லா வீட்டிலும் வசதியில்லை. ஆகவே சிறு கணனித் தட்டு ஒன்று, மோட்டர் இரண்டு, பற்றரி நாலைந்து என்று தனித்தனியே வாங்கிப் பூட்டுகிறார்கள். தட்டிலுள்ள விளக்கு மினுங்குகிறது. பிள்ளை எழுதிய நிரலும் சரியாகத்தான் இருக்கிறது. சில்லு மட்டும் அசைய மறுக்கிறது. இரண்டு கிழமையில் எல்லாம் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போய்விடுகிறது. பெட்டி கட்டிலின் கீழே போய்விடுகிறது. "இது எனக்குச் சரிவராது" என்று பிள்ளையும் முடிவு கட்டிவிடுகிறது.

அந்த முடிவுதான் கவலைக்குரியது. ஏனென்றால் குறை பிள்ளையின் மூளையில் இல்லை. கணனித் தட்டுக்கும் மோட்டருக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒரு பகுதி அங்கே இல்லை, அல்லது பொருத்தமில்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் பகுதிக்கு 'மோட்டர் றைவர்' என்று பெயர். அதை எப்படிக் கணக்குப் பார்த்து அமைப்பது என்பதே இக்கட்டுரை. எழுதும் நான் எஞ்சினியர் அல்ல. ஊரில் ஓ.எல். வரை படித்து, இங்கு ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவன். கீழே வரும் எதற்கும் ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த ஓமின் விதிக்கு மேல் தேவையில்லை. ஆகவே தாய் தகப்பன் எவரும் பிள்ளையோடு கூட இருந்து செய்யலாம்.

சுவிசின் சிறிய றோபோக்கள்

பிள்ளை ஆசைப்படுவது இந்த நாட்டுக்கு அந்நியமான ஒன்றல்ல. 1990களின் தொடக்கத்தில் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் 'கெபெரா' என்ற றோபோ உருவானது. அதன் விட்டம் 55 மில்லிமீற்றர்தான். உள்ளங்கையில் வைக்கலாம். இரண்டு சில்லு, இரண்டு நேரோட்ட மோட்டர், ஒரு சிறு கணனி. உலகின் பல பல்கலைக்கழகங்கள் அதை வாங்கி ஆராய்ச்சி செய்தன. பேராசிரியர் ஜான் டானியல் நிக்கூவின் ஆய்வுகூடத்தில் அதை உருவாக்கியவர்களுள் பிரான்செஸ்கோ மொண்டாடாவும் ஆந்திரே கினியாரும் அடங்குவர். இவர்களில் கினியார் கடிகாரத் தொழில் அறிந்தவர். கணனியோடு நாம் பாவிக்கும் 'மவுஸ்' என்ற கருவியின் ஆரம்ப வடிவங்களுள் ஒன்றையும் அதே ஆய்வுகூடத்தில் செய்தவர் அவர். புத்தகம் படித்த மூளையும் திருகாணி பிடித்த கையும் ஒரே மேசையில் இருந்ததால்தான் அந்தச் சின்னப் பொருள் பிறந்தது. அதே வழியில் 2011 இல் 'திமியோ 2' வந்தது. எமது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் காணும் வெள்ளைப் பெட்டி பெரும்பாலும் அதுதான். அதன் சுற்றுப் படங்கள் ஒளித்து வைக்கப்படவில்லை, எவரும் பார்க்கலாம்.

மோட்டரிலும் சுவிசுக்குப் பெயர் உண்டு. ஒப்வால்டன் மாநிலத்தில் சாக்ஸ்லன் என்ற கிராமத்தில் 1961 இல் தொடங்கிய நிறுவனம் ஒன்று ஆரம்பத்தில் மின்சாரச் சவர இயந்திரங்களுக்கான பாகங்களைச் செய்தது. பின்னர் 'மக்சொன்' என்ற பெயரில் சிறிய மோட்டர்களைச் செய்யத் தொடங்கியது. 1997 ஜூலை 4 இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய 'சொஜேர்னர்' என்ற அமெரிக்க வண்டியில் இருந்த 11 மோட்டர்களும் அங்கே செய்யப்பட்டவை: ஆறு சில்லுகளைச் சுழற்ற ஆறு, சில்லுகளைத் திருப்ப நாலு, ஒரு கருவியை அசைக்க ஒன்று. அந்த வண்டியிலும் பிள்ளையின் றோபோவிலும் மோட்டருக்கு வேண்டிய அடிப்படை ஒன்றுதான்: மோட்டர் கேட்கும் மின்னோட்டத்தை, வேண்டிய நேரத்தில், வேண்டிய திசையில் கொடுக்க வேண்டும்.

கட்டளை வேறு, வலு வேறு

பிள்ளைகள் அதிகம் பாவிக்கும் 'ஆர்டுயினோ' தட்டு, மலைக்கு அப்பால் இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005 இல் உருவானது. அதன் சாதாரண வகையில் ஒரு கால் தாராளமாகக் கொடுக்கக்கூடிய மின்னோட்டம் 20 மில்லி அம்பியர். 40 மில்லி அம்பியரைத் தாண்டினால் சிப் பழுதாகலாம். ஒரு சிறு விளக்குக்கு அது போதும். ஆனால் கியர் பூட்டிய சிறிய மோட்டர் ஒன்று ஓடும்போதே 150, 200 மில்லி அம்பியர் கேட்கும். புறப்படும்போது ஒரு அம்பியருக்கு மேல் கேட்கும். ஐம்பது மடங்கு வித்தியாசம்! தட்டின் காலில் மோட்டரை நேரே பூட்டினால் சில்லு சுழலாது, தட்டும் போய்விடும்.

ஆகவே கணனித் தட்டு கட்டளை மட்டும் கொடுக்க வேண்டும். வலுவைப் பற்றரி கொடுக்க வேண்டும். சின்னக் கட்டளையைக் கேட்டுப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஆளிதான் றைவர்.

முதலில் மோட்டரை அளந்து பாருங்கள்

பலர் முதலில் சிப்பை வாங்கிவிட்டுப் பிறகு மோட்டரைப் பார்க்கிறார்கள். அது தலைகீழ். மோட்டர் கேட்பதைத் தெரிந்த பிறகே சிப்பைத் தெரிவு செய்ய வேண்டும். அதற்கு மலிவான மல்ரிமீற்றர் ஒன்று போதும்.

மீற்றரைத் தடை அளக்கும் நிலையில் வைத்து, முதலில் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.3 ஓம் என்று காட்டினால் அது மீற்றர் வயரின் தடை. பின்னர் மோட்டரின் இரு முனைகளிலும் வைத்து, தண்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழெட்டு இடங்களில் அளவுங்கள். உள்ளே காபன் பிறஷ் தொடும் இடத்தைப் பொறுத்து எண் மாறும். மிகக் குறைந்த எண்ணை எடுத்து, வயரின் தடையைக் கழியுங்கள். 5 ஓம் வருகிறது என்று வைப்போம். பற்றரி 6 வோல்ற் என்றால், 6 ஐ 5 ஆல் வகுக்க 1.2 அம்பியர். மோட்டர் கேட்கக்கூடிய ஆகக் கூடிய மின்னோட்டம் இதுதான். சில்லு எங்காவது இறுகி நின்றாலும், நின்ற இடத்திலிருந்து புறப்படும் கணத்திலும் இந்த அளவு ஓடும்.

ஓடத் தொடங்கியதும் மின்னோட்டம் ஏன் குறைகிறது? இதை விளங்கப்படுத்த எம்மிடம் நல்ல உதாரணம் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது எமது பெரியவர்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். சுற்றினால் மின்சாரம் தருவது டைனமோ; மின்சாரம் கொடுத்தால் சுற்றுவது மோட்டர். இரண்டும் ஒரே விதிப்படி வேலை செய்கின்றன. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர் அதே நேரத்தில் டைனமோவாகவும் இருந்து, பற்றரிக்கு எதிராக ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வேகம் கூடக்கூட அந்த எதிர்ப்பு கூடுகிறது, மின்னோட்டம் குறைகிறது. நிற்கும் மோட்டரில் அந்த எதிர்ப்பு இல்லை. சுருளின் தடை மட்டுமே தடுக்கும். அதனால்தான் றைவரை ஓடும் மின்னோட்டத்துக்கு அல்லாமல் நிற்கும் மின்னோட்டத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு திசைக்கு ஓர் ஆளி

மின்விசிறி போல ஒரே திசையில் சுற்றினால் போதும் என்றால் திரான்சிஸ்ரர் ஒன்று போதும். இன்று இதற்கு நல்லது 'மொஸ்பெற்' வகை. அதிலும் 5 வோல்ற் கட்டளைக்கே முழுதாகத் திறக்கும் வகையை வாங்க வேண்டும். 'ஐ.ஆர்.எல்.இசற் 44 என்' அப்படியானது. திறந்திருக்கும்போது அதன் தடை ஏறக்குறைய 0.025 ஓம். எமது 1.2 அம்பியர் ஓடினாலும் சூடாக வீணாவது 0.04 வாற்றுக்கும் குறைவு. கையால் தொட்டால் சூடு தெரியாது.

மோட்டரின் ஒரு முனை பற்றரியின் நேர் முனைக்கும், மறு முனை மொஸ்பெற்றுக்கும், மொஸ்பெற்றின் அடுத்த கால் பற்றரியின் மறை முனைக்கும் போகும். கட்டளைக் காலுக்கும் கணனித் தட்டுக்கும் இடையில் 220 ஓம் தடையி ஒன்று. கட்டளைக் காலிலிருந்து மறை முனைக்கு 10 கிலோ ஓம் தடையி ஒன்று. இந்த இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். கணனித் தட்டு விழித்தெழும் அந்தக் கண நேரத்தில் கட்டளைக் கால் அந்தரத்தில் நிற்கும். அப்போது மோட்டர் தானாகத் துள்ளாமல் இருப்பது அந்தத் தடையியால்தான்.

இன்னும் ஒன்று வேண்டும்: இருவாயி, அதாவது டயோட். வேகமாகத் தண்ணீர் ஓடும் குழாயைச் சட்டென்று பூட்டினால் குழாய் 'டொக்' என்று அதிரும். ஓடிய தண்ணீருக்கு உடனே நிற்க முடியாது. மோட்டரின் சுருளும் அப்படியே. ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தை ஆளி திடீரென்று அறுத்தால், சுருள் தன் மின்னோட்டத்தைத் தொடர்ந்து தள்ளப் பார்க்கும். வழியில்லாவிட்டால் மின்னழுத்தம் பற்றரியைப் போலப் பல மடங்காக எகிறி ஆளியை உடைத்துவிடும். மோட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இருவாயியைப் பூட்டினால் அந்த மின்னோட்டம் சுற்றிவந்து அடங்க வழி கிடைக்கும். இருவாயியின் கோடு போட்ட பக்கம் பற்றரியின் நேர் முனையைப் பார்க்க வேண்டும். மாறிப் பூட்டினால் பற்றரி குறுக்கு இணைப்பாகிவிடும். வேகமாகத் திறந்து மூடும் சுற்றுக்கு 'சொட்கி' வகை இருவாயி நல்லது. 3 அம்பியர் தாங்கும் '1 என் 5822' எமது மோட்டருக்குத் தாராளம்.

இரு திசைக்கு நாலு ஆளிகள்

றோபோ முன்னும் பின்னும் போகவேண்டும். அதற்கு மோட்டருக்குள் மின்னோட்டம் ஓடும் திசையை மாற்ற வேண்டும். இதற்கு நாலு ஆளிகள் தேவை. நடுவில் ஒரு படி மட்டும் உள்ள ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படிதான் மோட்டர். இடது தூணில் மேலே 'அ', கீழே 'ஆ'. வலது தூணில் மேலே 'இ', கீழே 'ஈ'. இரு தூண்களின் மேல் நுனியும் பற்றரியின் நேர் முனையில். கீழ் நுனியும் மறை முனையில். ஆங்கில எழுத்தின் வடிவத்தை வைத்து இதை 'எச் பாலம்' என்கிறார்கள்.

தோட்டத்துக்குத் தண்ணீர் மாறியவர்களுக்கு இது உடனே விளங்கும். எந்த வாய்க்காலைத் திறந்து எதை அடைக்கிறோமோ அதன்படி தண்ணீர் போகும்.

'அ'வும் 'ஈ'யும் திறந்தால் மின்னோட்டம் மோட்டருக்குள் இடமிருந்து வலமாக ஓடும். றோபோ முன்னே போகும்.

'இ'யும் 'ஆ'வும் திறந்தால் வலமிருந்து இடமாக ஓடும். றோபோ பின்னே வரும்.

நாலும் மூடியிருந்தால் மோட்டர் தன்பாட்டில் உருண்டு ஓயும்.

'ஆ'வும் 'ஈ'யும் மட்டும் திறந்தால் மோட்டர் பிறேக் பிடித்தது போல நிற்கும். காரணம் மீண்டும் டைனமோதான். சைக்கிளில் டைனமோவைப் போட்டு லைற் எரிந்தால் மிதி பாரமாகும் அல்லவா? இங்கே மோட்டர் உண்டாக்கும் மின்சாரம் தனக்குள்ளேயே சுற்றித் தன்னையே பிடித்து நிறுத்துகிறது.

ஆனால் 'அ'வும் 'ஆ'வும் ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது. அப்போது மோட்டருக்குள் ஒன்றும் போகாது. தண்ணீர் பயிரைத் தொடாமல் கிணற்றுக்கே திரும்பி ஓடுவது போல, பற்றரியின் முழு மின்னோட்டமும் இரண்டு ஆளிகளுக்குள்ளால் நேரே கீழே இறங்கும். கண நேரத்தில் இரண்டும் எரியும். திசை மாற்றும்போது ஓர் ஆளி முழுதாக மூடிய பின்னரே மற்றது திறக்கவேண்டும். நடுவில் மிகச் சிறிய இடைவெளி வேண்டும். தனித்தனி திரான்சிஸ்ரர்களால் பாலம் கட்டுபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஆகவே முதல் றோபோவுக்கு, இந்த இடைவெளியைத் தானே பார்த்துக்கொள்ளும் சிப் ஒன்றை வாங்குவதே புத்தி.

இந்தப் பாலம் எங்கும் இருக்கிறது. உலகின் முதல் குவாட்ஸ் கைக்கடிகார மாதிரிகளுள் சில 1967 இல் நொய்சாத்தலில் செய்யப்பட்டன. இன்று நாம் கட்டும், முள் ஓடும் சாதாரண குவாட்ஸ் கடிகாரத்தில் ஒரு பளிங்கு வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதைப் பதினைந்து தடவை இரண்டால் வகுத்தால் வினாடிக்கு ஒன்று. அந்தத் துடிப்பைச் சுருளுக்குள் ஒருமுறை இப்பக்கம், மறுமுறை அப்பக்கம் என்று மாற்றி மாற்றி அனுப்புவதும் இத்தகைய ஒரு பாலமே. தொழிற்சாலைகளில் பட்டியை ஓட்டும் பெரிய மோட்டருக்குப் பின்னால் பூட்டிய அலுமாரி ஒன்று இருக்குமே, அதற்குள்ளும் இதே வேலைதான். அங்கே தூண் மூன்று. எம்மில் பலர் தினமும் அதன் அருகில் நின்றுதான் வேலை செய்கிறோம்.

எந்தச் சிப்பை வாங்குவது?

கடைகளில் அதிகம் காண்பது 'எல் 298'. ஜெனீவாவுக்கு அருகே பிளான்-லே-சுவாத்தில் தலைமையகம் உள்ள எஸ்.ரி. மைக்ரோ இலெக்ரோனிக்ஸ் நிறுவனத்தின் பழைய, உறுதியான சிப். இரண்டு மோட்டர்களை ஓட்டும். ஒவ்வொன்றுக்கும் 2 அம்பியர் வரை கொடுக்கும். 46 வோல்ற் வரை தாங்கும். இதையெல்லாம் பார்த்ததும் வாங்கிவிடத் தோன்றும். ஆனால் அதற்குள் இருப்பது பழைய வகைத் திரான்சிஸ்ரர்கள். 1 அம்பியர் ஓடும்போது 2 வோல்ற் அளவு, சிலவேளை 3 வோல்ற் வரை, அதற்குள்ளேயே விழுந்துவிடும். 24 வோல்ற் இயந்திரத்தில் 2 வோல்ற் போனால் பரவாயில்லை. 6 வோல்ற் பற்றரியில் 2 வோல்ற் போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! மோட்டருக்குக் கிடைப்பது 4 வோல்ற். அம்பியருக்கு 2 வாற் வீதம் சிப் சூடாகிறது. சூட்டை வெளியேற்ற அதன் முதுகில் அலுமினியத் தட்டு இருப்பது இதனால்தான். சிப் நல்லது, சின்னப் பற்றரி றோபோவுக்குத்தான் பொருத்தமில்லை. தனிச் சிப்பாக வாங்கினால் வெளியே எட்டு இருவாயிகளும் பூட்டவேண்டும்.

சின்ன றோபோவுக்கு மொஸ்பெற் வகைச் சிப்கள் ஏற்றவை. தொசிபாவின் 'ரி.பி. 6612' சராசரியாக 1.2 அம்பியர் கொடுக்கும். ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்சின் 'டி.ஆர்.வி. 8833' 2.7 இலிருந்து 10.8 வோல்ற் வரை வேலை செய்யும். மோட்டர் ஒன்றுக்கு 1.5 அம்பியர் வரை கொடுக்கும். திறந்திருக்கும்போது மேல் ஆளியும் கீழ் ஆளியும் சேர்ந்து 0.36 ஓம்தான். 1 அம்பியருக்கு விழுவது 0.36 வோல்ற். அதாவது 6 வோல்ற்றில் மோட்டருக்கு 5.6 வோல்ற்றுக்கு மேல் கிடைக்கும். அதே பற்றரி, அதே மோட்டர். ஆனால் சில்லு வேறு மாதிரி ஓடும்.

இந்த 8833 இல் இன்னொரு வசதியும் உண்டு. மின்னோட்டத்துக்கு எல்லை போடலாம். அதற்கென உள்ள காலில் ஒரு சிறு தடையியைப் பூட்ட வேண்டும். 0.2 ஐத் தடையியின் ஓமால் வகுத்தால் எல்லை வரும். 0.2 ஓம் போட்டால் 1 அம்பியர். றோபோ சுவரில் முட்டி நின்றாலும் 1 அம்பியருக்கு மேல் போகாது. கடையில் விற்கும் சில தட்டுகளில் அந்தக் காலை நேரே மறை முனையில் பூட்டிவிட்டிருப்பார்கள். அப்போது எல்லை வேலை செய்யாது. வாங்கும்போது பாருங்கள். அத்துடன் இந்தச் சிப்பில் 'தூக்கக் கால்' ஒன்று உண்டு. அதற்கு மின்னழுத்தம் கொடுத்து எழுப்பாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் சில்லு சுழலாது.

வேகத்தைக் குறைப்பது

வேகத்தைக் குறைக்கத் தடையி போட்டால் சத்தி சூடாக வீணாகும். அதற்குப் பதிலாக ஆளியை மிக விரைவாகத் திறந்து மூடுகிறார்கள். பாதி நேரம் திறந்து பாதி நேரம் மூடினால் மோட்டருக்குக் கிடைப்பது சராசரியில் பாதி. ஆர்டுயினோவில் 0 இலிருந்து 255 வரை எண் கொடுக்கலாம். 128 ஏறக்குறையப் பாதி. அதன் பெரும்பாலான கால்களில் இந்தத் திறப்பு வினாடிக்கு சுமார் 490 தடவை நடக்கும். அது காதுக்குக் கேட்கும் அளவு. மோட்டர் மெல்ல முனகுவது அதனால்தான். பழுது என்று பயப்பட வேண்டாம். புகையிரதம் நிலையத்திலிருந்து புறப்படும்போது ஏறி ஏறிக் கேட்கும் ஊளைச் சத்தமும் பெரும்பாலும் இதே திறப்பு மூடலின் சத்தமே. மிகச் சிறிய எண் கொடுத்தால் மோட்டர் முனகும், ஆனால் அசையாது. எந்த எண்ணில் சில்லு புறப்படுகிறது என்று பிள்ளையைக் கொண்டே கண்டுபிடித்துக் கொப்பியில் எழுத வையுங்கள்.

பற்றரியும் வயரும்

சதுரமான 9 வோல்ற் பற்றரியை மோட்டருக்கு வாங்காதீர்கள். அது புகை எச்சரிக்கைக் கருவிக்கு உரியது. 1 அம்பியர் கேட்டால் படுத்துவிடும். திரும்ப ஏற்றக்கூடிய 1.2 வோல்ற் பற்றரிகள் ஐந்தை வரிசையாகப் பூட்டினால் 6 வோல்ற். நேர் முனையிலிருந்து வரும் வயரில் 3 அம்பியர் உருகி ஒன்று கட்டாயம் போடுங்கள்.

மோட்டர் புறப்படும்போது பற்றரியின் அழுத்தம் ஒரு கணம் விழும். கணனித் தட்டும் அதே பற்றரியில் இருந்தால் அது மயங்கி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். றோபோ துள்ளித் துள்ளி நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆகவே முதல் முயற்சியில் கணனிக்கு வேறு பற்றரி வையுங்கள். ஆனால் இரண்டின் மறை முனைகளும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இணைக்காவிட்டால் கட்டளையை றைவர் விளங்கிக்கொள்ளாது. றைவருக்குப் பக்கத்தில், பற்றரி வயர்களுக்குக் குறுக்கே, 470 மைக்ரோ பரட் கொள்ளளவி ஒன்று. அதன் நேர் மறை மாறக்கூடாது. மோட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோ பரட் சிறு கொள்ளளவி ஒன்று. பிறஷின் பொறியால் வரும் இரைச்சலை அது விழுங்கும்.

ஒழுங்காகப் பரீட்சியுங்கள்

முதலில் பற்றரி இல்லாமல் எல்லா இணைப்பையும் மீற்றரால் பாருங்கள். நேர் முனைக்கும் மறை முனைக்கும் இடையே தடை பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் பற்றரியைப் பூட்டாதீர்கள். அடுத்து, மோட்டருக்குப் பதிலாக 6 வோல்ற் சிறு பல்ப் ஒன்றை வைத்து முன், பின், நிறுத்து என்ற கட்டளைகளைக் கொடுத்து, திசை மாறுகிறதா என்று மீற்றரில் பாருங்கள். பிறகு மோட்டரைப் பூட்டி, றோபோவை ஒரு பெட்டியின் மேல் வைத்துச் சில்லு அந்தரத்தில் நிற்க ஓட்டுங்கள். ஒரு நிமிடத்துக்குப் பிறகு சிப்பின் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். கடைசியாகத்தான் நிலத்தில் விட வேண்டும்.

பற்றாசு பிடிக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கள். பின்னர் கையைக் கழுவ வேண்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்றை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. பழைய தொலைபேசியிலிருந்து கழற்றிய லித்தியம் பற்றரியும் வேண்டாம். நசுங்கினாலோ குறுக்கு இணைப்பானாலோ தீப்பிடிக்கும். செலவைக் குறைக்க விரும்புவோர் 'புறொக்கன்ஹவுஸ்' பழம்பொருள் கடைகளில் பழைய கசற் றெக்கோடர், ஓடாத விளையாட்டுக் கார் போன்றவற்றைப் பார்க்கலாம். அவற்றுக்குள் நல்ல மோட்டர்கள் இருக்கும். கழிவு சேகரிக்கும் இடத்தில் கிடப்பதைக் கேளாமல் எடுக்காதீர்கள்.

பெற்றோருக்கு

எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில், தொழிற்சாலையில் வேலை செய்யும் தகப்பனும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளும் இந்தச் சுற்றை மூன்று சனிக்கிழமைகளில் செய்து முடித்தார்கள். சிப்போடு வந்த டொச் தாளை மகள் வாசித்தாள். இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியில் பற்றாசு பிடித்தது தகப்பன். "அப்பா, படிக்கேல்லை எண்டு சொல்லுவியள். இது எப்பிடித் தெரியும்?" என்று மகள் கேட்டாள். "படிக்கேல்லைத்தான் பிள்ளை. பத்து வருசமாக் கை படிச்சிருக்கு" என்றார் அவர். அலுவலகக் கடிதங்களைப் பிள்ளை வாசித்துச் சொல்ல, தாய் தகப்பன் பக்கத்தில் பேசாமல் நிற்கும் வீடுகள் எம்மிடம் நிறைய. அந்த வீடுகளில், "அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்" என்று பிள்ளை காணும் ஒரு பின்னேரம் சிறிய விடயமல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுவிசில் கட்டாயப் பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 'லேர' என்னும் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். எம்மவர் பலர் அதைத் தோல்வியாக நினைத்துப் பிள்ளையை நெருக்குகிறார்கள். இலெக்ரோனிக்கர், ஒட்டோமாற்றிக்கர் போன்ற பயிற்சிகள் நாலு வருடம். அதோடு 'பெரூவ்ஸ்மத்தூரா' செய்தால் பொறியியல் படிக்கத் தொழில்சார் உயர்கல்லூரிக்குக் கதவு திறந்திருக்கிறது. பயிற்சி இடம் தேடும் முன் பிள்ளை சில நாட்கள் ஒரு வேலைத்தலத்தில் நின்று பார்க்கும் 'ஸ்னூப்பர்லேர'வும் உண்டு. அங்கே "நீ என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்பார்கள். அப்போது, "எனது மோட்டரின் தடை 5 ஓம், ஆகவே 1.2 அம்பியர் வரும், ஆகவே இந்தச் சிப்பைத் தெரிவு செய்தேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கும் அதே பதில் உதவும்.

கட்டிலுக்குக் கீழே அப்படி ஒரு சப்பாத்துப் பெட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால் அதை வெளியே எடுங்கள். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் மோட்டரின் தடையை அளந்து, ஒரு கடதாசியில் வகுத்துப் பாருங்கள். அந்த எண் கிடைத்ததும் மிச்சம் எல்லாம் ஒவ்வொன்றாக இடத்துக்கு வரும்.